லயன், கார்ல்ஸ்பெர்க், டைகர், ஆங்கர்: லேபிளை மறைத்தால் வித்தியாசம் தெரியுமா?

வெள்ளவத்தைக்காரன் கேட்டது:

வணக்கம் எல்லோருக்கும். வருகிற சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் ஆறு பேர் சேருகிறோம். அதில் இரண்டு பேர் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். "இலங்கை பியர் எல்லாம் ஒரே தண்ணிதான், லேபிள்தான் வேறு" என்பது அவர்கள் கட்சி. சும்மா வாதாடாமல் லேபிளை மறைத்து ஊற்றி ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று முடிவு.

யோசித்து வைத்திருப்பவை: லயன் லாகர், கார்ல்ஸ்பெர்க், டைகர், ஆங்கர், லயன் ஸ்ட்ரோங், லயன் ஸ்டவுட். ஒவ்வொன்றிலும் எத்தனை போத்தல் வேண்டும்? எதை முதலில் ஊற்றுவது? பிரிட்ஜில் இருந்து எடுத்த உடனேயா, கொஞ்சம் விட்டா? டின்னும் போத்தலும் ஒரே ருசியா? மலைநாட்டுத் தண்ணி, கீழ்நாட்டுத் தண்ணி என்று சொல்கிறார்களே, அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? பைட்ஸ் (கூடக் கொறிக்க) என்ன வைப்பது என்றும் சொல்லுங்கள்.

நுரைமட்டம்:

முதலில் போத்தலைத் திருப்பித் திகதியைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரே பியரின் மூன்று வாரப் போத்தலுக்கும் ஐந்து மாதப் போத்தலுக்கும் உள்ள வித்தியாசம், பல நேரம் லயனுக்கும் டைகருக்கும் உள்ள வித்தியாசத்தை விடப் பெரிது. ஒன்று புதிது, மற்றது பழையது என்று வைத்து ஊற்றினால் நீங்கள் ஒப்பிடுவது பியரை அல்ல, கடைக்காரரின் களஞ்சியத்தை.

டின்னில் திகதி அடியில் இருக்கும், போத்தலில் லேபிளில் அல்லது கழுத்துப் பக்கம். எல்லாவற்றிலும் உற்பத்தித் திகதி ஒரு மாத இடைவெளிக்குள் இருக்கும்படி தேடி எடுங்கள். சாமான் வேகமாக ஓடுகிற கடையாகப் பார்த்துப் போங்கள். வெயில் படும் வாசலில் பெட்டி அடுக்கியிருக்கும் கடை வேண்டாம். வெப்பநிலை 10 பாகை கூடினால் பியர் பழுதாகும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. 30 பாகையில் கிடக்கும் கொழும்புப் பெட்டி, 4 பாகை பிரிட்ஜில் இருப்பதை விட எவ்வளவு சீக்கிரம் கிழவனாகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். பழசாகிப்போன லாகரின் அடையாளம் மழையில் நனைந்த காட்போட் பெட்டி வாசம். ஒட்சிசன் செய்கிற வேலை அது. கசப்பு மங்கி ஒரு மந்தமான இனிப்பு முன்னுக்கு வரும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். "ஒருதரம் குளிராக்கினால் திருப்பி வெளியில் வைக்கக் கூடாது, பழுதாகிவிடும்" என்பார்கள். ஒரு தடவை குளிர்ந்து சூடாகித் திரும்பக் குளிர்வதால் ஒன்றும் ஆகாது. நாட்கணக்கில் சூட்டில் கிடப்பதும் வெளிச்சமும்தான் எதிரி.

எங்கே காய்ச்சுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு ஊற்றுங்கள். லயன் லாகர், ஸ்ட்ரோங், ஸ்டவுட், கார்ல்ஸ்பெர்க் நான்கும் பியகம ஆலையில் காய்ச்சப்படுபவை. கார்ல்ஸ்பெர்க் அங்கே உரிமம் பெற்றுச் செய்யப்படுகிறது. டைகர், ஆங்கர் என்ற பெயர்கள் குருநாகல் பக்கத்து மாவத்தகம ஆலையோடு சேர்ந்தவை. (ஆங்கர் என்றதும் பால்மா நினைவுக்கு வருகிறவர்கள் மன்னிக்க. அது வேறு அங்கர்.) ஆகவே உங்கள் ஆறு பியருக்குப் பின்னால் இருப்பது முக்கியமாக இரண்டு ஆலைகள்தான். உங்கள் வெளிநாட்டு நண்பர்கள் முழுக்கப் பிழை என்று சொல்ல முடியாது. லயன் லாகர், கார்ல்ஸ்பெர்க், டைகர், ஆங்கர் நான்கும் வெளிறிய லாகர் (இளமஞ்சள் நிற, மெலிதான பியர்), ஒரே குடும்பம். ஸ்டவுட் கறுத்த பியர், அதைக் குடித்துவிட்டும் அதையே சொல்கிறார்களா என்று பாருங்கள்.

வரிசை: பலம் குறைந்ததில் தொடங்கிக் கூடியதற்கு. லாகர் நான்கும் முதலில், பிறகு ஸ்ட்ரோங், கடைசியில் ஸ்டவுட். லயன் லாகரில் அற்ககோல் 4.8%. ஸ்ட்ரோங்கும் ஸ்டவுட்டும் 8.8%. இங்கே 5 வீதம் என்பது மதுவரியில் ஒரு கோடு, அதனால் லாகர்கள் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும். ஸ்ட்ரோங்கை முதலில் குடித்தால் அதற்குப் பின் வருகிற எந்த லாகரும் சோடாத் தண்ணிதான்.

அளவு: லாகரில் ஆளுக்கு 80 மில்லி, 8.8 வீதக்காரர்களில் 60 மில்லி. மொத்தம் சுமார் 20 கிராம் அற்ககோல், ஒரு பெரிய 625 மில்லி லயன் லாகர் போத்தலை விடச் சற்றுக் குறைவு. (அதில் 24 கிராம் வரும், ஸ்ட்ரோங் பெரிய போத்தலில் 43.) ஆறு பேருக்கு 80 மில்லி என்றால் 480 மில்லி. 625 போத்தல் ஒன்று தாராளமாகப் போதும். டின் என்றால் 500 ஒன்று மட்டுமட்டாக வரும், 330 என்றால் இரண்டு.

டின்னா போத்தலா என்ற கேள்விக்கு: உள்ளே இருப்பது ஒன்றுதான், டின்னின் உட்பக்கத்தில் பூச்சு இருக்கிறது. "தகர ருசி" என்பது விளிம்பில் வாய் வைத்துக் குடிப்பதால் மூக்குக்கும் உதட்டுக்கும் வருவது. கிளாஸில் ஊற்றினால் காணாமல் போகும். ஆனால் டின்னுக்குள் வெளிச்சம் புகாது, மூடி வழியே காற்றும் ஊறாது. எல்லாம் டின்னில் கிடைத்தால் எல்லாவற்றையும் டின்னிலேயே எடுங்கள். ஒன்று டின், ஒன்று போத்தல் என்று கலக்காதீர்கள்.

வாங்கிய கையோடு ஓட்டோவில் குலுங்கி வந்ததை அன்றே திறக்க வேண்டாம். வெள்ளிக்கிழமையே வாங்கி, நிமிர்த்தி வைத்து, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டில் விடுங்கள். நாட்காட்டியில் போயாவையும் (பௌர்ணமி விடுமுறை) பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நாடு முழுக்க விற்பனை இல்லை. 21 வயதுக்குக் குறைந்தவரைக் கடைக்கு அனுப்பவும் கூடாது.

மலைக்காற்று:

நுரைமட்டம் அண்ணா தண்ணிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லையே. தண்ணிக்கு ஒரு பங்கும் இல்லையா? நுவரெலியாவில் காய்ச்சிய காலத்து லயனின் ருசி பியகமவுக்கு வந்த பிறகு இல்லை என்று பழைய ஆட்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 1849இல் ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பியர் காய்ச்சத் தொடங்கியதே அந்த ஊற்றுத் தண்ணிக்கும் குளிருக்கும்தானே?

நுரைமட்டம்:

குளிர் சரி. இயந்திரக் குளிரூட்டல் இல்லாத காலத்தில் பியர் புளிக்கவைக்க இலங்கையில் அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணி விஷயத்தில் இன்றைய ஆலை எதுவும் வருகிற தண்ணியை வருகிறபடியே பாவிப்பதில்லை. உப்புகளை எடுத்துவிட்டு, வேண்டிய கல்சியமும் சல்பேட்டும் குளோரைட்டும் அளந்து திருப்பிச் சேர்க்கலாம். ஆகவே பியகமவில் "களனி கங்கைத் தண்ணி" என்று ஒரு ருசியைத் தேடாதீர்கள்.

தண்ணியை விட உயரத்துக்குத்தான் அங்கே பங்கு அதிகம் இருந்திருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹொப்ஸ் என்பது பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ, அதன் கசப்பு கொதியில்தான் பியருக்குள் இறங்கும். 6 பாகை குறைந்தால் அது இறங்கும் வேகமும் குறையும், அதே கசப்புக்குக் கூட நேரம் கொதிக்கவேண்டும், அல்லது கூட ஹொப்ஸ் போடவேண்டும். ஆலை இடம் மாறினால் கொதிகலன், நேரம், ஈஸ்ட் கையாளும் முறை எல்லாமே சேர்ந்து மாறும். "தண்ணி மாறிவிட்டது" என்று ஒற்றை வரியில் முடிக்கிற காரியம் இல்லை.

சின்ன விஷயம் ஒன்று. பேக்கர் "தேயிலைத் தோட்டக்காரர்களுக்காக" காய்ச்சினார் என்று பல இடத்தில் எழுதியிருக்கும். 1849இல் மலைநாட்டில் கோப்பித் தோட்டம்தான். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டது 1867இல்.

மூன்றுக்கு_ஒன்று:

வெள்ளவத்தைக்காரன், உங்கள் நண்பர்களின் கட்சியை உடைக்க வேண்டுமென்றால் "எது நல்லது" என்று கேட்டு வேலையில்லை. ஆளுக்கொரு மார்க் போடுவார்கள், பிறகு சண்டை. வித்தியாசம் தெரிகிறதா இல்லையா என்று மட்டும் கேளுங்கள். அதற்கு முக்கோணச் சோதனை என்று ஒரு வழி இருக்கிறது.

லயன் லாகரையும் கார்ல்ஸ்பெர்க்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று கப். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. "வேறானது எது?" இவ்வளவுதான் கேள்வி. தெரியாது என்று சொல்ல விடக்கூடாது, குத்துமதிப்பாகவாவது ஒன்றைக் காட்டவேண்டும். மூன்று கப்பை அடுக்க மொத்தம் ஆறு வழிதான் உண்டு: அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ. நீங்களும் ஆறு பேர். ஆளுக்கொரு வரிசை கொடுத்தால் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தும். கப்புக்கு 40 மில்லி என்றால் ஒவ்வொரு பியரிலும் 9 கப், 360 மில்லி. ஆகவே அந்த இரண்டில் மட்டும் இரண்டிரண்டு போத்தல் வாங்குங்கள். அற்ககோல் கணக்கில் ஆளுக்கு இன்னும் நாலரை கிராம் கூடும்.

ஆறில் ஐந்து பேர் சரியாகக் காட்டினால் வித்தியாசம் இருக்கிறது என்று நம்பலாம். சும்மா குருட்டாம்போக்கில் அப்படி வர வாய்ப்பு 2 வீதத்துக்கும் குறைவு. நான்கு பேர் என்றால் பெருமைப்படாதீர்கள், 10 வீத வாய்ப்பு இருக்கிறது. இரண்டு பேர் என்றால் நண்பர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

பிழைக்கிற இடங்கள்: ஊற்றுகிறவரே கொண்டுவந்து கொடுத்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். குசினியில் வீட்டில் வேறு ஒருவர் ஊற்றி, கப்பின் அடியில் இலக்கம் எழுதி, தட்டை வைத்துவிட்டுப் போகட்டும். நிறத்தில் மெல்லிய வித்தியாசம் இருக்கும், ஆகவே வெளிச்சத்தைக் குறையுங்கள் அல்லது நிறக் கப் எடுங்கள். நுரை உயரமும் காட்டிக்கொடுக்கும். ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு நுரை அடங்கிய பிறகு பரிமாறுங்கள். ஒரு போத்தலை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் திறந்தால் வாயு குறைந்ததை வைத்தே பிடித்துவிடுவார்கள். இரண்டையும் ஒன்றாகத் திறக்கவேண்டும்.

முக்கோணத்தை முதலில் நடத்துங்கள், வாய் புதிதாக இருக்கும்போதே. ஆறு பியர் வரிசை அதற்குப் பிறகு.

நுரைமட்டம்:

மூன்றுக்கு ஒன்று சொன்னது அருமை. ஒன்று சேர்க்கிறேன்: கப் விஷயம். வீட்டிலுள்ள கனமான கிளாஸ் 200 கிராம் வரும். அது 30 பாகையில் இருக்க, 80 மில்லி பியரை 4 பாகையில் ஊற்றினால் கிளாஸின் சூடு இறங்கி பியர் 12 பாகைக்குப் போய்விடும். ஐஸ் போல எடுத்தோமே என்று நினைப்போம், வாயில் வைக்கும்போது வேறு கதை. சூடான பியர் இனிப்பாகவும் வாசம் கூடியதாகவும் தெரியும், வாயுவும் சீக்கிரம் போகும். ஒருவர் கையில் கனமான கிளாஸ், மற்றவர் கையில் மெல்லியது என்றால் அவர்கள் குடிப்பது இரண்டு வேறு பியர்.

மெல்லிய பிளாஸ்டிக் கப் எடுங்கள், எடை சில கிராம்தான். புதுக் கப்பில் வாசம் இருக்கும், முதல் நாளே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கண்ணாடிதான் வேண்டும் என்றால் எல்லாக் கிளாஸையும் ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைபனி உருகி பியரில் தண்ணி கலக்கும்.

கிளாஸ் சுத்தமா என்று பார்க்க: உட்பக்கத்தை நனைத்து மேசை உப்பைத் தூவுங்கள். சீராக ஒட்டினால் சுத்தம். திட்டுத் திட்டாக உதிர்ந்தால் அந்த இடத்தில் எண்ணெய் அல்லது சவர்க்காரம் மிச்சம். நுரை நிற்கவில்லை என்று பியரைக் குறை சொல்வதில் பாதி இந்தக் கிளாஸ்தான். துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

லாகருக்கு 6 முதல் 8 பாகை. ஸ்டவுட்டுக்கு 12 முதல் 14, அதாவது பிரிட்ஜிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் முன்கூட்டி வெளியே எடுக்கவேண்டும். ஸ்டவுட்டை 4 பாகையில் குடித்தால் கருகல் கசப்பு மட்டும் நாக்கில் நிற்கும். கொஞ்சம் சூடேறினால் கோப்பி, கறுப்பு சொக்லேட், கித்துள் பாணி, ப்ளம்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திறக்கும். பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, 2007இல் காலமான ஆங்கிலேயர்) இந்த ஸ்டவுட்டைத்தான் உலகத்துக்குப் புகழ்ந்து சொன்னார். குறிப்பு எழுதுகிறவர்கள் "நல்லம், பரவாயில்லை" என்று எழுத வேண்டாம். பாண் மேலோடு, அவித்த சோளம், பச்சை அப்பிள், வாழைப்பழம், வெண்ணெய் என்று பொருளின் பெயர் எழுதட்டும். ஸ்ட்ரோங்கில் பழ வாசமும் தொண்டைச் சூடும் வரும். 8.8க்கு ஏற்றும்போது ஈஸ்ட்டுக்குக் கூடுதல் சீனியைக் கொடுத்து வேலை வாங்குகிறார்கள், களைத்த ஈஸ்ட் விடுகிற வாசம் அது.

என் அபிப்பிராயம்: லாகர்களில் லயன் கொஞ்சம் தானிய இனிப்புப் பக்கம், கார்ல்ஸ்பெர்க் முடிவில் உலர்ந்து நிற்கும். டைகரும் ஆங்கரும் இன்னும் மெலிது. அந்த இரண்டையும் முக்கோணத்தில் பிரிக்கச் சொன்னால் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

வெள்ளவத்தைக்காரன்:

நன்றி அண்ணா, இதை எல்லாம் அச்செடுத்து வைக்கப்போகிறேன். ஒரு சந்தேகம். பச்சைப் போத்தல் பியரில் சில நேரம் ரப்பர் கருகின மாதிரி ஒரு வாசம் வருகிறது. அது அந்தப் பியரின் இயல்பான ருசியா?

நுரைமட்டம்:

இல்லை, அது வெளிச்சம் பட்ட கோளாறு. ஹொப்ஸின் கசப்புப் பொருள் நீல ஒளியிலும் புறஊதாவிலும் உடைந்து கந்தகம் சேர்ந்த ஒரு சேர்வையாகிறது. மிக மிகச் சிறிய அளவே மூக்குக்குப் போதும். மண்ணிறக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சைக் கண்ணாடி தடுக்காது. கடைப் பிரிட்ஜில் டியூப் லைட்டுக்கு நேரே முன்வரிசையில் நிற்கிற பச்சைப் போத்தலை எடுக்காதீர்கள். பின்வரிசையிலிருந்து, அல்லது மூடின பெட்டியிலிருந்து கேளுங்கள். அந்த லைட்டை விட வாசல் வெயில் இன்னும் வேகமாகப் பழுதாக்கும்.

சனிக்கிழமை மத்தியானமே இதைச் செய்து காட்டலாம். ஒரே லாகர் டின்னை இரண்டு தெளிவான கப்பில் ஊற்றுங்கள். இரண்டையும் ஐஸ் தண்ணித் தட்டில் வையுங்கள், சூடு ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றை அலுமினியத் தாளால் முழுக்க மூடி, மற்றதைத் திறந்தபடி பல்கனி வெயிலில் கால் மணித்தியாலம் விடுங்கள். பிறகு குடிக்கவேண்டாம், முகர்ந்து பாருங்கள். மூடியது பாண் வாசம், திறந்தது கருகல் ரப்பர். இதைப் பார்த்தவர் அதற்குப் பிறகு கடைப் பிரிட்ஜின் முன்வரிசைக்குக் கை நீட்ட மாட்டார்.

கொட்டாஞ்சேனை_அக்கா:

பைட்ஸ் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல, நான் சொல்லுறன். ருசி பார்த்து முடியும் மட்டும் டெவில்ட் சாமான் ஒண்டும் மேசைக்கு வரக்கூடாது. மிளகாய் எரிஞ்ச வாயில 8.8 பியர் போனால் அற்ககோல் அந்த எரிவை இன்னும் கூட்டும், வேற ஒரு ருசியும் தெரியாது. எண்ணெய்க் கையால கிளாஸைப் பிடிச்சால் விளிம்பில பட்டு நுரையும் செத்துப்போகும். உப்புக் கச்சானும் வேண்டாம். உப்பு கசப்பை அமுக்கும், எல்லா லாகரும் இனிப்பாத்தான் தெரியும். வெறும் பாண் துண்டு, இல்லாட்டி உப்பில்லாத கிறாக்கர், சாதாரணத் தண்ணி. அவ்வளவுதான்.

எல்லாம் முடிஞ்ச பிறகு லாகர் மிச்சத்தோட ஹொட் பட்டர் கணவாய் வையுங்கோ. பொரிச்ச வெண்ணெயைக் கழுவிக்கொண்டு போகக் குளிர்ந்த லாகர்தான் சரி. ஸ்ட்ரோங் இதுக்குச் சரிவராது, தம்பி. ஸ்டவுட்டுக்கு நான் சொல்லுறது வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் ஸ்டவுட்டின்ர கருகலோட சேரும். இனிப்பைக் குறைச்சுச் செய்யச் சொல்லுங்கோ, இல்லாட்டி ஸ்டவுட் புளிச்ச மாதிரி இருக்கும். ஸ்டவுட்டை வெளியில எடுக்கேக்க வட்டிலப்பத்தையும் சேர்த்து எடுத்து வையுங்கோ. ரெண்டும் ஒரே குளிரில வாய்க்குப் போகவேணும்.

ஒருத்தரும் வாகனம் ஓட்டிக்கொண்டு வரவேண்டாம் எண்டும் இப்பவே சொல்லிப்போடுங்கோ. ருசி பார்க்கிற அளவு கொஞ்சம்தான், ஆனா மிச்சப் போத்தல் எல்லாம் மேசையிலதானே நிக்கும்.